ஹாரன் இருக்க வேண்டிய இடத்தில்

சென்னிமலை
8.11.1995

அண்ணனுக்கு,

நலம் என்று எழுதித்தான் தொடங்க வேண்டும். இன்று அது வரவில்லை, விட்டுவிடுகிறேன்.

நீங்கள் கல்யாணச் சீராகக் கொடுத்த யமஹா நேற்று உங்கள் மாப்பிள்ளையைக் கொன்றிருக்கும். பெட்ஷீட் மூட்டையோடு பெருந்துறை ரோட்டில் வந்துகொண்டிருந்தார். முன்னால் நின்ற லாரி திடீரென்று பின்னுக்கு வந்திருக்கிறது. டிரைவருக்குக் கேட்கட்டும் என்று இடது கட்டைவிரலால் பட்டனை அழுத்தினார், ஊரில் எல்லோரும் அழுத்துகிற மாதிரி. ஹாரன் அடிக்கவில்லை. இன்ஜின் நின்றுவிட்டது. வண்டியைப் போட்டுவிட்டுக் குதித்ததால் முழங்கைத் தோலோடு போயிற்று. மூட்டை சாக்கடையில்.

வீட்டுக்கு வந்து என்ன சொன்னார் தெரியுமா? "என்ற வெரலுக்குத்தான் புத்தியில்லை அம்மணி. மச்சான் தெளிவாச் சொல்லித்தான் குடுத்தாரு, ஹாரன் வலது பக்கம், இடது பக்கம் இன்ஜின் நிறுத்தற பட்டன்னு. பத்து வருசமா ஸ்கூட்டர் ஓட்டின பழக்கம், போகமாட்டீங்குது."

அவர் விரலில் ஒரு தப்பும் இல்லை. நீங்கள் அதை ரேஸில் ஓட்டிய நாளில், மைதானத்தில் ஹாரன் எதற்கு என்று ஹாரன் ஒயரைக் கழற்றிவிட்டு, அந்தப் பட்டனிலேயே இன்ஜினை நிறுத்தும் ஒயரைக் கொடுத்தவள் நான். விழுந்தால் சட்டென்று நிறுத்த வேண்டும், வலது கை ஆக்சிலேட்டரில் இருக்கும் என்று நீங்கள் கேட்டீர்கள், செய்தேன். அது மைதானத்துக்கு. அதே வண்டிக்கு லைட் மாட்டி, டேங்குக்குப் பெயின்ட் அடித்து, சந்தனம் வைத்து ஊர் ரோட்டுக்கு அனுப்பியவர் நீங்கள். இடது பட்டனை அப்படியே விட்டுவிட்டு, ஹாரனுக்கு வலது பக்கம் பிரேக் லிவருக்கு அடியில் காலிங்பெல் மாதிரி ஒன்றை ஒட்டவைத்திருக்கிறீர்கள். அவசரத்தில் வலது கை பிரேக்கைப் பிடிக்குமா, அதைத் தேடுமா?

சோறு வேகிற நேரத்தில் நானே மாற்றிவிடுவேன். ஆனால் பெண் பார்க்க வந்த அன்று நீங்கள் சொன்னது என்ன? "பொண்ணு பட்டறைப் பக்கமெல்லாம் போகுமுங்களா?" என்று என் மாமியார் கேட்டார்கள். "ஸ்க்ரூ டிரைவரைக்கூடத் தொட்டதில்லீங்க" என்றீர்கள். அப்பா போன பிறகு அந்தப் பட்டறையில் மோட்டார் காயில் கட்டியதில் பாதிக்கு மேல் என் கை. வெந்து போய் நின்றேன். வந்தவர்கள் அதை வெட்கம் என்று நினைத்துக்கொண்டார்கள்.

அதோடு விட்டீர்களா? இவரிடம் தனியாக, "ஒயரிங் முழுக்க என்ற கையில செஞ்சது. எல்லாம் பட்டறையில மிஞ்சின ஒரே செவப்பு ஒயர். வேற ஆள் தொட்டா எரிஞ்சுபோகும்" என்று வேறு சொல்லியிருக்கிறீர்கள். இவர் அதை அப்படியே பிடித்துக்கொண்டிருக்கிறார். எந்த மெக்கானிக்கையும் பக்கத்தில் விடமாட்டேன் என்கிறார்.

வந்து மாற்றிக் கொடுங்கள். முடியாதென்றால் "நீயே செய்துகொள்" என்று ஒரு வரி எழுதுங்கள். மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

பிரவீனா


சிங்காநல்லூர்
14.11.1995

பிரவீனாவுக்கு,

பட்டறையில் போன் இருக்கும்போது இவ்வளவு நீளக் கடிதம் எதற்கு? அதுவும் ஒரு பட்டனுக்காக.

பாலுசாமி மாப்பிள்ளை பழகிக்கொள்வார். நான் பழகவில்லையா? பழகும் வரைக்கும் மெதுவாகப் போகச் சொல். முழங்கைக்கு மஞ்சள் வைத்துக் கட்டு.

ஆனால் ஒன்று சொல்கிறேன், கேட்டுக்கொள். அந்த வண்டியில் நீ கை வைக்கக் கூடாது. கல்யாணத்துக்கு முன்னால் தரகர் சொல்லித்தான் அனுப்பினார், அந்த வீட்டில் மாமியார் பழைய காலத்து ஆள், பெண் ஆம்பளையாட்டம் இருந்தால் ஒத்துக்கொள்ள மாட்டார் என்று. அதனால்தான் அப்படிச் சொன்னேன். உன் நல்லதுக்குச் சொன்னதை நீ எனக்கே திருப்பி வீசுகிறாய்.

இன்னொரு விஷயம். உன் மாமியார் ராசாத்தாள் அத்தைக்கு அந்தியூரில் ஒரு தம்பி இருக்கிறார் அல்லவா, அவர் மகளை எனக்குப் பேசுகிறார்கள். தை பிறந்ததும் உறுதி வார்த்தை. பேச்சை எடுத்ததே அத்தைதான். இந்த நேரத்தில் நீ ஸ்பேனரைத் தூக்கிக்கொண்டு வாசலில் உட்கார்ந்தால் என் பேச்சுக்கு என்ன மரியாதை? ஒன்றில் பொய் சொன்னவன் எல்லாவற்றிலும் சொல்லியிருப்பான் என்று நினைக்க மாட்டார்களா?

கார்த்திகை தீபம் முடிந்ததும் நானே வாரேன். அதுவரை வாயைத் திறக்காதே கண்ணு.

மனோஜ்குமார்


சென்னிமலை
12.12.1995

அண்ணனுக்கு,

கார்த்திகை தீபம் முடிந்துவிட்டது. ஏற்றிய விளக்குகளைக் கழுவி எடுத்தும் வைத்தாயிற்று. நீங்கள் வரவில்லை.

போனில் பேசு என்கிறீர்கள். இங்கே எஸ்.டி.டி. பூத் வைத்திருப்பவர் இவருடைய பெரியப்பா மகன். நான் உங்களிடம் பேச வேண்டியதை அந்தக் கண்ணாடிக் கூண்டுக்குள் நின்று பேசட்டுமா? கடிதமென்றால் இவர் பிரிக்காமல் கொண்டுவந்து கையில் கொடுக்கிறார். "மச்சான் எழுதியிருக்காருங்க" என்று சிரித்துக்கொண்டே கொடுக்கிறார். உங்கள் எழுத்தை அவர் முன்னால் படிக்க எனக்குக் கூசுகிறது.

நான் ஒன்று யோசித்தேன். கழற்றியிருக்கிற ஹாரன் ஒயரை அதன் பட்டனில் மறுபடி மாட்ட வேண்டும். இன்ஜின் ஒயரைப் பிரித்து டேப் சுற்ற வேண்டும். வேலை இவ்வளவுதான். லைட் மாட்டவும் பெயின்ட் அடிக்கவும் நேரம் இருந்த உங்களுக்கு இதற்கு மட்டும் ஏன் இல்லை? சோம்பேறித்தனம் என்றுதான் முதலில் நினைத்தேன். நேற்று இவர் குளிக்கப் போனபோது சீட்டைத் தூக்கிப் பார்த்தேன். ரேஸுக்கு நான் இழுத்த ஒயர் ஒன்றைக்கூட நீங்கள் வெட்டவில்லை. அழகாகச் சுருட்டி, கயிறு போட்டுக் கட்டி, நாளைக்கே எடுத்து மாட்டுகிற மாதிரி வைத்திருக்கிறீர்கள். ரேஸ் ஹேண்டில்பாரும் பட்டறைப் பரணில்தான் இருக்கிறது, எனக்குத் தெரியும்.

நீங்கள் வண்டியைச் சீராகக் கொடுக்கவில்லை. எங்கள் வீட்டில் நிறுத்திவைத்திருக்கிறீர்கள். பிப்ரவரியில் சென்னையில் ரேஸ். "மாப்பிள்ளை, பத்து நாளைக்கு வண்டியைக் குடுங்க" என்று வந்து நிற்பீர்கள். இவரும் பெட்ரோல் நிரப்பிக் கொடுத்து அனுப்புவார். நீங்கள் திரும்ப மாட்டுகிற வேலையை மிச்சம் பிடிப்பதற்காக, என் புருஷன் தினமும் லாரிகளுக்கு நடுவில் உங்கள் ரேஸ் பட்டனோடு போய்க்கொண்டிருக்கிறார்.

இல்லை என்று எழுதுங்கள் பார்க்கலாம்.

இவர் இப்போது என்ன செய்கிறார் தெரியுமா? இடது கட்டைவிரலில் துணி சுற்றிக்கொண்டு ஓட்டுகிறார், பட்டனைத் தொட்டால் ஞாபகம் வரட்டும் என்று. ஒவ்வொரு நாள் காலையிலும் வாசலில் நின்று வழியனுப்பிவிட்டு உள்ளே வந்து உங்களைத் திட்டுகிறேன்.

பிரவீனா


சிங்காநல்லூர்
17.12.1995

பிரவீனா,

ஆமாம். ரேஸுக்கு வண்டி வேண்டும். அதிலென்ன குற்றம்? என்னிடம் இருந்ததிலேயே நல்ல பொருளைத் தங்கச்சிக்குக் கொடுத்தேன். வேறு எந்த அண்ணன் கொடுப்பான்? ஒரு புது மொபெட் வாங்கித் தள்ளிவிட்டு என் வண்டியை நான் வைத்துக்கொண்டிருக்கலாம். "மாப்பிள்ளைக்கு ரேஸ் வண்டியே குடுத்துப்போட்டான்" என்று ஒறம்பரை, சொந்தபந்தம் எல்லாம் பேசினார்களே, அந்தப் பெருமை உனக்கும்தானே வந்தது? வருஷத்துக்கு ஒரு தடவை இரவல் கேட்டால் தேய்ந்தா போகும்?

நீ சீட்டைத் தூக்கிப் பார்த்தாய், சரி. என் மனசையும் கொஞ்சம் தூக்கிப் பார். அப்பா இருந்தபோது பட்டறைக்கு வருகிறவன் எல்லாம் என்னைத் தாண்டிக்கொண்டு உன்னிடம் போவான். அப்பா போன பிறகும் அப்படித்தான். "தங்கச்சி இல்லீங்களா? அப்ப நாளைக்கு வாரேன்" என்பான், மோட்டாரை இறக்காமலே திரும்புவான். பெயர்ப் பலகையில் என் பெயர், வேலை கேட்பது உன்னை. ரேஸில் கப் வாங்கி வந்தால்கூட, "ஒயரிங் ஆரு செஞ்சது?" என்று ஒருவன் கேட்டான். எனக்கு எப்படி இருந்திருக்கும்? உன்னைப் பெண் பார்க்க வந்தவர்களிடம் அந்த வார்த்தையைச் சொன்னபோது, நிஜமாகச் சொல்கிறேன், எனக்கு நெஞ்சு குளிர்ந்தது. உன் நல்லதுக்கு மட்டும் சொல்லவில்லை. போதுமா?

தை வரைக்கும் பொறு. உறுதி வார்த்தை முடிந்த மறுநாளே வந்து மாற்றித் தருகிறேன். நடுவில் நீ ஏதாவது செய்து அந்தியூர்ப் பேச்சு கெட்டால், பிறந்த வீடு என்று ஒன்று உனக்கு இருக்காது. கோபத்தில் எழுதுகிறேன் என்று நினைக்காதே. யோசித்துத்தான் எழுதுகிறேன்.

மனோஜ்குமார்


ஈரோடு
22.12.1995

அண்ணனுக்கு,

ஆஸ்பத்திரியில் இருந்து எழுதுகிறேன்.

பெருந்துறை பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு பெண் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ரோட்டைக் கடந்திருக்கிறாள். இவர் அழுத்திவிட்டார். இடது பக்கம்தான். துணி சுற்றிய விரல்தான். நடு ரோட்டில் வண்டி செத்து நின்றது. பின்னால் வந்த பஸ் பிரேக் போட்டும் நிற்கவில்லை.

உயிருக்கு ஒன்றுமில்லை என்கிறார்கள். இடது தோள்பட்டை எலும்பு முறிந்திருக்கிறது. மணிக்கட்டும். தறிக்காரர்களுக்கு நூல் கொண்டுபோய்க் கொடுக்கிற கை அது. பழையபடி வருமா என்று கேட்டால் டாக்டர் பார்க்கலாம் என்று மட்டும் சொல்கிறார்.

கண் விழித்ததும் என்னைக் கூப்பிட்டார். உங்களுக்கு எழுதச் சொல்லி ஒன்று சொன்னார். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "மச்சான் ஆசையாக் குடுத்த வண்டி. நாசம் பண்ணிப்போட்டேன். மன்னிச்சுக்கச் சொல்லி எழுது அம்மணி."

எழுதிவிட்டேன்.

பிரவீனா


சிங்காநல்லூர்
26.12.1995

பிரவீனா,

உன் கடிதத்தைப் படித்ததிலிருந்து சாப்பாடு இறங்கவில்லை. உடனே புறப்பட்டு வந்திருப்பேன். வந்து அவர் முகத்தை எப்படிப் பார்ப்பது? அதனால் நம் பட்டறை சுப்பையனை டெம்போவோடு அனுப்புகிறேன். வண்டியை ஏற்றி விடு. முழுதாகச் சரிசெய்து, பட்டனையும் மாற்றி, புதுசு மாதிரி அனுப்பிவைக்கிறேன். அதற்குள் வேறு மெக்கானிக் யாரும் ஹெட்லைட்டைப் பிரித்துப் பார்த்துவிடாமல் பார்த்துக்கொள்.

பஸ்காரன் மேல்தான் தப்பு. இடைவெளி விட்டு வந்திருக்க வேண்டும். யார் கேட்டாலும் அப்படியே சொல்.

மனோஜ்குமார்


சென்னிமலை
3.1.1996

அண்ணனுக்கு,

சுப்பையன் வந்தார். காபி கொடுத்தேன். டெம்போவை வெறுமனே திருப்பி அனுப்பிவிட்டேன். அவரிடமிருந்து ஸ்க்ரூ டிரைவரும் கட்டிங் பிளேயரும் ஒரு டெஸ்ட் லேம்பும் வாங்கிக்கொண்டேன். கொடுக்கும்போது, "அண்ணனுக்குத் தெரிஞ்சா என்னைத் திட்டுவாருங்க" என்றார். திட்டினால் என் பெயரைச் சொல்லுங்கள் என்றேன்.

பட்டப்பகலில், வாசலில், வண்டியைப் போட்டுப் பிரித்தேன். ஹேண்டில்பார் கோணியிருந்தது. உங்கள் காலிங்பெல் நசுங்கிப் போயிருந்தது. ஹெட்லைட்டுக்குள் எல்லாம் சிவப்பு ஒயர்தான். ஆனால் எது எங்கே போகிறது என்று என் கைக்குத் தெரியும், இழுத்தது நான்தானே. வேலை எனக்கு வந்த வேகத்தைப் பார்த்து எனக்கே அழுகை வந்தது. அத்தனை சுலபம் அண்ணா அது.

அத்தை நூல் சுற்றுகிற ராட்டையை விட்டு எழுந்து வந்து நின்றார்கள். நான் நிமிரவில்லை. பிளேயரால் ஒயரைச் சீவிக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். பட்டறை, காயில், ரேஸ், பட்டன், நீங்கள் சொன்ன பொய், ஒன்றையும் விடவில்லை. திட்டுவார்கள் என்று எதிர்பார்த்தேன். ஆம்பளையாட்டம் என்பார்கள் என்று எதிர்பார்த்தேன்.

அத்தை சொன்னது இது. "ஸ்க்ரூ டிரைவர் புடிக்கறது ஒரு குத்தமா அம்மணி? எங்க கெணத்து மோட்டாரு மாசத்துக்கு ஒருக்கா நின்னுபோகுது. ஆளைத் தேடி ஈரோட்டுக்கு ஓடோணும். மோட்டாருப் பட்டறைக்காரங்க ஊட்டுப் பொண்ணு, ஊட்டுக்குள்ளயே பாக்கறதுக்கு ஆச்சேன்னுதான் அன்னைக்குக் கேட்டேன். உங்கண்ணன் இல்லீங்கன்னு சொன்னப்ப எனக்கு வெசனமாப் போச்சு."

தரகர் பேச்சை நம்பி நீங்கள் சொன்ன பொய், கேட்டவருக்கே வேண்டாத பொய். இதை எழுதும்போது எனக்குப் பேனாவை உடைக்க வேண்டும் போல இருக்கிறது.

பிறகு அத்தை கேட்டார்கள், "இது எப்ப இருந்து உனக்குத் தெரியும்?"

"வண்டி வந்த அன்னைக்கே பாத்தேனுங்க அத்தை."

"தெரிஞ்சுதான் தெனமும் என்ற பையனை அதுல அனுப்பினயா?"

கடைசி ஒயரில் டேப்பைச் சுற்றி முடித்தேன். உள்ளே கட்டிலில் படுத்திருந்தவருக்கும் அது கேட்டது. ஜன்னல் திறந்துதான் இருந்தது. கட்டுப் போட்ட கையோடு எழுந்து வந்தார், வலது கையை நீட்டி இடது பட்டனை அழுத்தினார். ஹாரன் அடித்தது. என் முகத்தைப் பார்க்காமல் உள்ளே போய்விட்டார். அன்றிலிருந்து பேச்சில்லை. சாப்பாடு வைத்தால் சாப்பிடுகிறார். தலையணையைச் சரிசெய்தால் விலகிப் படுக்கிறார்.

அந்தியூருக்கு நான் ஒன்றும் சொல்லி அனுப்பவில்லை. அத்தை அனுப்பிவிட்டார்கள்.

தலைப்பொங்கலுக்குச் சீர் கொண்டுவருவீர்கள் அல்லவா? வாருங்கள். அத்தை என்னைக் கேட்ட கேள்வி பாதி உங்களுடையது. வாசலில் நின்று உங்கள் பாதிக்குப் பதில் சொல்லுங்கள். சொல்ல முடியாதென்றால் வராதீர்கள்.

பிரவீனா


சிங்காநல்லூர்
17.1.1996

பிரவீனா,

வந்தேன். கரும்பு, மஞ்சள் கொத்து, உனக்குப் புடவை, அவருக்கு வேட்டி எல்லாம் எடுத்துக்கொண்டு பொங்கலுக்கு முந்தின நாள் சென்னிமலை பஸ் ஸ்டாண்டில் இறங்கினேன். மருந்துக் கடை வாசலில் மாப்பிள்ளை நின்றுகொண்டிருந்தார். தோளில் தொட்டில் கட்டு. என்னைக் கண்டதும் ஓடிவந்து, "வாங்க மச்சான், எப்ப வந்தீங்க, டீ சாப்புடறீங்களா" என்று பையைக் கையில் இருந்து வாங்கினார். ஒற்றைக் கையால்.

அந்த மனுஷன் என்னை அடித்திருக்கலாம். பஸ் ஸ்டாண்டில் நாலு பேர் பார்க்கத் திட்டியிருக்கலாம். நான் அதற்குத் தயாராகத்தான் வந்தேன். டீ வாங்கிக் கொடுத்தார் பிரவீனா. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. யார் மேல் என்று தெரியவில்லை.

டீ குடித்து முடித்ததும் சொன்னார். "வண்டி ரேஸுக்கு வேணும்னா எடுத்துக்குங்க மச்சான், நான் ஓட்டறதுக்கு இன்னும் நாளாகும். ஆனா அந்தப் புள்ளைய மட்டும் இனிப் பொய் சொல்ல வெக்காதீங்க. அது மனசுல வெச்சுட்டுப் பட்ட பாடு எனக்கு இப்பத்தான் புரியுது. இன்னும் அதுகூடப் பேச எனக்கு வாய் வரமாட்டீங்குது."

எடுத்துக்கொள்ளலாமா என்று ஒரு நிமிஷம் ஆசை வந்தது. அதையும் எழுதிவிடுகிறேன். எடுக்கவில்லை.

வீட்டுக்கு வரத்தான் நினைத்தேன். சீரை அவரிடமே கொடுத்துவிட்டு, ஏதாவது சொல்லிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு அதே பஸ்ஸில் திரும்பிவிட்டேன். அந்தியூரிலிருந்து வேண்டாம் என்று ஆள் வந்து சொல்லிப் போனார். உனக்குத் திருப்தியா?

மனோஜ்குமார்


சென்னிமலை
21.1.1996

அண்ணனுக்கு,

சீர் வந்து சேர்ந்தது. இவர் வீட்டில் என்ன சொன்னார் தெரியுமா? "மச்சானுக்குக் காய்ச்சலாம், பஸ்ஸுல ஆள்கிட்டக் குடுத்தனுப்பிச்சிருக்காரு." அத்தை பாவம், நம்பினார்கள். கரும்பை வெட்டிக்கொண்டே, "கஷாயம் வெச்சுக் குடிக்கச் சொல்லி எழுது" என்றார்கள்.

இவருக்குப் பொய் சொல்ல வராது அண்ணா. பெட்ஷீட் விற்கப் போன கடையில் சாயம் போகுமா என்று கேட்டால், போகுமுங்க என்று சொல்லிவிடுகிற ஆள். என்னைப் பொய் சொல்லவைக்காதீர்கள் என்று உங்களிடம் கேட்டவர், உங்களோடு ஒரு டீ குடித்துவிட்டு உங்களுக்காகப் பொய்யோடு வீட்டுக்கு வந்தார்.

நேற்று உங்கள் கடிதம் வந்தது. பிரிக்காமல் கொண்டுவந்து கொடுத்தார். நான் அத்தையைக் கூப்பிட்டு உட்காரவைத்து, இவர் முன்னாலேயே, முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் படித்துக் காட்டினேன். டீ, ஆத்திரம், ஆசை, அந்தியூர், எல்லாம். இவர் பேசிய இடம் வந்தபோது கடிதத்தை மடியில் வைத்துவிட்டேன். அத்தை எழுந்து அடுப்பைப் பார்க்கப் போனார்கள். இவர் வந்து பக்கத்தில் உட்கார்ந்து, "மீதியையும் படி" என்றார்.

இனி இந்த வீட்டுக்கு நீங்கள் எழுதுகிற எதுவும் சத்தமாகத்தான் படிக்கப்படும். அதை மனதில் வைத்துக்கொண்டு எழுதுங்கள்.

பிரவீனா